போனில் கொடுத்த வாய்தா

போன மாதம் வக்கீல் சங்க அறைக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். தொழிலை விட்டு ஒதுங்கிய பிறகும் கால் அந்தப் பக்கமே போகிறது, என்ன செய்ய. பக்கத்து மேசையில் இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், போனில் பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்குத்தான சார், நோ அப்ஜெக்‌ஷன் சொல்லிடறேன், ஒரு பிரச்சனையும் இல்ல சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த வடையைச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. யாருக்குப்பா பிரச்சனை இல்லை? உனக்கா, அந்த சாருக்கா, இல்லை நாளைக்கு லீவு போட்டு பஸ் ஏறி வரப்போகிற உன் கட்சிக்காரருக்கா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இந்தம்மா இன்னும் வீட்டில் உட்காரவில்லையா என்பீர்கள். மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாய்தா கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நானே எத்தனையோ கேட்டிருக்கிறேன். சாட்சி வரமாட்டான், நகல் கிடைத்திருக்காது, வக்கீலுக்கும் காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் சாவு விழும். அதற்குத்தான் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றைப் பார்த்து. முந்தின நாள் சாயங்காலமே இரண்டு வக்கீல்கள் போனில் பேசி, மறுநாள் விசாரணையை நடக்காமல் செய்துவிடுகிறார்களே, அதைப் பார்த்து. ஒருவர் கேட்பார். மற்றவர் ஆட்சேபணை இல்லை என்பார். மறுநாள் ஒரு ஜூனியர் எழுந்து நின்று இரண்டு வார்த்தை முணுமுணுப்பார், நீதிபதி வேறு தேதி போடுவார், முடிந்தது கதை. யாருடைய வழக்கோ அவரிடம் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. இதற்கு நம் ஊரில் தொழில் மரியாதை என்று பெயர். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியரும் முதல் வாரத்திலேயே இதைத்தான் சொன்னார்: எதிர் வக்கீல் வாய்தா கேட்டால் மறுக்காதே, நாளைக்கு நீயும் அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். நல்ல மனிதர். அந்த ஒரு பாடத்தை மட்டும் அவர் எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அது தப்பான பாடம் என்று எனக்குப் புரியவைத்தது சங்கீதா என்ற பெண்ணின் வழக்கு. இங்கே நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். வழக்கு நடந்தபோது அங்கேயே அக்கா வீட்டோடு இருந்தாள். புருஷன் வீடு நோணாங்குப்பம். படகுத் துறைக்குப் போகும் வழியில் அவர்களுக்கு ஒரு ஜூஸ் கடை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வந்தபோது கதவைத் திறக்கவில்லை. பிள்ளை தர்ஷினி உள்ளே இருந்தது. எல்.கே.ஜி. படிக்கிற பெண் குழந்தை. நீ போ, பிள்ளை எங்களோடு இருக்கட்டும் என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அவள் குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தாள்.

அங்கே ஒரு இடைக்கால உத்தரவு கிடைத்தது. வழக்கு முடியும் வரை பிள்ளை அப்பாவிடம் இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும், அதாவது வழக்குத் தேதிக்கும், பிள்ளையைக் கோர்ட்டுக்கு அழைத்து வர வேண்டும், அன்றைக்கு மதியம் வரை அம்மா அதோடு இருக்கலாம். கோர்ட்டில் பொம்மைகள் போட்டு வைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது இல்லையா, அங்கே. அந்த உத்தரவை வாங்கிக் கொடுத்தது அவளுடைய முதல் வக்கீல். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புருஷன் தரப்பு வக்கீல் பெரிய கை. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே வக்கீல் குடும்பம். வக்கீலை அந்தக் காலத்தில் 'மேத்ர்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். பழைய ஆட்கள் இன்னும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் பழகிவிட்டோம். இனிமையாகப் பேசுவார். நாமெல்லாம் கொன்ஃப்ரேர், ஒரே தொழிலில் பிறந்த சகோதரர்கள் என்பார். அந்தச் சகோதரர் வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் தவறாமல் போன் செய்வார். ஒருமுறை தொண்டை கட்டியிருக்கும். ஒருமுறை சென்னையில் ஐகோர்ட்டு வேலை. ஒருமுறை மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். சங்கீதாவின் முதல் வக்கீல் ஒவ்வொரு முறையும் "அதுக்கென்ன சார், பாத்துக்கலாம்" என்பார். லஞ்சம் வாங்கினார் என்று நினைக்காதீர்கள். அந்த மாதிரி ஆள் இல்லை. மேத்ரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். விசாரணை நடக்காது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கட்சிக்காரர்கள் வரத் தேவையில்லை என்பது நம் வழக்கம். மேத்ர் தன் கட்சிக்காரரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் பிள்ளையும் வராது. சங்கீதாவுக்கு மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். அவள் விடியற்காலையில் எழுந்து பிள்ளைக்குப் பிடித்த தக்காளி சாதம் செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டு, தலைக்கு ரிப்பன் வாங்கிக்கொண்டு, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து அந்த அறை வாசலில் நிற்பாள். கேஸ் தள்ளிப்போச்சும்மா என்பார் வக்கீல். அடுத்த தேதி மாதம் தாண்டிப் போகும். அதற்கும் ஒரு தொண்டைக் கட்டு வரும்.

கடைசியில் அவள் அந்த வக்கீலிடமிருந்து வழக்குக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். படித்துப் பார்த்தபோது எனக்குப் பதறியது. இந்த வழக்கில் நாள் போகப் போக அப்பா தரப்பு ஒன்றுமே செய்யாமல் ஜெயித்துக்கொண்டிருந்தது. பிள்ளை அங்கே ஸ்கூல் மாறும், அங்கே சினேகிதம் பிடிக்கும், அம்மா முகம் மறக்கும். பிறகு நீதிபதி கூப்பிட்டுக் கேட்டால் அது என்ன சொல்லும்? இங்கேயே இருக்கேன் என்றுதான் சொல்லும். பிள்ளை அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்கக் கூடாது என்று தீர்ப்பில் அழகாக எழுதுவார்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றியது யார்? நாம்தான், போனில்.

நான் வக்காலத்து போட்ட பிறகு முதல் வாய்தாவுக்கு முந்தின நாள் மேத்ரிடமிருந்து போன் வந்தது. குரலில் தேன். நாளைக்கு ஒரு சின்ன அசௌகரியம் என்றார். வாய்தா கேட்டுக்கொள்ளுங்கள் சார், ஆனால் பிள்ளையை அழைத்து வந்துவிடச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார்.

"நானே இல்லாதப்ப அவங்க எதுக்கும்மா வரணும்?"

"நீங்க இல்லன்னா பரவால்ல சார். பிள்ள வந்தா போதும்."

ஒரு கொன்ஃப்ரேர் இன்னொரு கொன்ஃப்ரேருக்கு நிபந்தனை போடுவதில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் பிள்ளை வரவில்லை. அவருடைய ஜூனியர் எழுந்து வாய்தா கேட்டதும் நான் எழுந்து ஆட்சேபித்தேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மேத்ருக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. தேதி மாறுவதில் எனக்கு ஒன்றுமில்லை, உத்தரவுப்படி பிள்ளை ஏன் வரவில்லை என்று மட்டும்தான் கேட்டேன். நீதிபதி சங்கடத்தோடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்தா கொடுத்தார். ஆனால் அடுத்த முறை விசாரணை நடந்தாலும் நடக்காவிட்டாலும் பிள்ளை வந்தாக வேண்டும் என்று எழுதினார்.

அடேயப்பா, அதற்குப் பிறகு சங்க அறையில் எனக்குக் கிடைத்த உபசாரம்! நான் போய் உட்கார்ந்தால் மேசை காலியாகும். இந்தம்மாவுக்குத் தொழில் தெரியாது என்று என் காதுபடவே பேசினார்கள். ஒரு தாய் பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாமல் மாதக்கணக்கில் வாசலில் நின்றபோது யாருக்கும் மனம் கலங்கவில்லை. பெரிய வக்கீலுக்கு ஒரு வாய்தா ஆட்சேபணையோடு கிடைத்தது என்றதும் எல்லோருக்கும் மனம் புண்பட்டுவிட்டது.

அடுத்த வாய்தாவுக்கு தர்ஷினி வந்தது. சங்கீதா அறைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். தலையை வாரிவிட்டாள், ஊட்டிவிட்டாள், பிள்ளை மடியை விட்டு இறங்கவேயில்லை. வாசலில் இருந்த பெண் போலீஸ் சும்மா பேச்சுக் கொடுத்தார், இன்னைக்கு ஸ்கூல் இல்லையா பாப்பா என்று. பிள்ளை ரொம்பப் பெருமையாகச் சொன்னது: "இன்னிக்கு வாய்தா. வாய்தான்னா எங்கம்மா வரும்." பண்டிகை மாதிரி சொன்னது. யார் யார் மச்சினன் வீட்டு விசேஷத்துக்கோ இந்தக் குழந்தையின் நாளை எடுத்துக் கொடுத்திருக்கிறோமே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதற்கு அடுத்த தேதி சங்கீதாவின் குறுக்கு விசாரணை. முக்கியமான நாள். மழை முடிந்து கொசு படையெடுத்திருந்த சமயம். அன்று காலை நான் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது அவள் அக்கா போன் செய்தாள். டெங்கு. முந்தின நாளே கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். பின்னால் சங்கீதாவின் குரல் கேட்டது. போனைப் பிடுங்கிப் பேசினாள்.

"மேடம், டிரிப்ஸ கழட்ட சொல்றேன். ஆட்டோ புடிச்சி வந்துடறேன். பாப்பா வந்து பாத்துட்டு நான் இல்லன்னா என்னா நெனைக்கும்?"

வந்தால் நீ கோர்ட்டு வாசலிலேயே விழுவாய், படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதட்டினேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது சுலபம். யாருக்கு வாய்தா கொடுக்க மறுத்தேனோ அவரிடமே வாய்தா கேட்கிற நிலைமை எனக்கு இப்போது. மனுதாரர் வரவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டால் இடைக்கால உத்தரவும் அதோடு போய்விடும். மறுபடி உயிர் கொடுக்க மனு போட்டு, அதற்கு நோட்டீஸ் போய், அதற்கும் வாய்தா வாங்கி, எத்தனை மாதமோ.

கோர்ட்டுக்குப் போனால் எனக்கு முன்பே மேத்ர் வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு எந்த அசௌகரியமும் இல்லை. வராந்தாவில் புருஷனும் அவன் அக்காவும் இருந்தார்கள். நடுவில் தர்ஷினி, ரெட்டை ஜடையோடு, வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு.

சங்கத்தில் பொறுப்பில் இருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன். அவர் மேத்ரிடம் போய்ப் பேசிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். மேத்ர் பெரிய மனசு பண்ணிவிட்டாராம், வாய்தாவுக்கு ஆட்சேபிக்கமாட்டாராம். பதிலுக்கு ஒரே ஒரு விஷயம்தான். சாட்சி விசாரணை முடியும்வரை பிள்ளையைக் கோர்ட்டுக்கு அழைத்து வர வேண்டாம், கோர்ட்டு வாடை குழந்தைக்கு ஆகாது என்று நானும் சேர்ந்து சொல்ல வேண்டும். எவ்வளவு அக்கறை பாருங்கள். வழக்கு பிழைத்துக்கொள்ளும்மா, ஒத்துக்கோ, வீம்பு பண்ணாதே என்றார் அந்தப் பொறுப்பாளர்.

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். யோசிக்க அவகாசம் இருக்காது. உள்ளே வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒத்துக்கொண்டால் வழக்கு நிச்சயம் பிழைக்கும். மறுத்தால் போகலாம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்போது என்னையே ஒன்று கேட்டுக்கொண்டேன். இந்த வழக்கு எதற்கு? அவள் பிள்ளையோடு இருப்பதற்கு. பிள்ளையைப் பார்ப்பதை விட்டுக்கொடுத்து வழக்கைக் காப்பாற்றினால், காப்பாற்றியது எதை? வெறும் காகிதக் கட்டை. முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மேத்ர் எழுந்து, மனுதாரருக்கு வழக்கில் அக்கறையே இல்லை, தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நான் சொன்னதும், இது கடைசி நேரத்துக் கதை, எங்கள் தரப்புக்கு எதுவும் தெரியாது, குறுக்கு விசாரணைக்குப் பயந்து ஒளிகிறார் என்றார். அந்த வயதில், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல். நான் வாதம் பண்ணவில்லை. இரண்டே விஷயம் கேட்டேன். ஒன்று, வாய்தா. இரண்டு, உத்தரவுப்படி பிள்ளை வெளியே காத்திருக்கிறது, அதற்கு அதன் அம்மாவைக் காட்ட வேண்டும். டெங்கு வார்டுக்குக் குழந்தையை அனுப்பச் சொல்லவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசட்டும், தங்கள் அறையிலேயே, தங்கள் முன்னாலேயே. அவள் படுக்கையில் இருக்கிறாளா ஒளிந்திருக்கிறாளா என்பதையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நீதிபதி மேத்ரைப் பார்த்தார், ஆட்சேபணை உண்டா என்று. ஒரு குழந்தை அம்மாவோடு பேசுவதை எப்படி ஆட்சேபிப்பார்? உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதியின் அறையில் அவர், நான், மேத்ர், பிள்ளையின் கையைப் பிடித்தபடி அத்தைக்காரி. சங்கீதாவின் அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். திரையில் சங்கீதா வந்தாள். கண் உள்ளே போயிருந்தது, கையில் ஊசி. பிள்ளையைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்து, அழுதுவிட்டாள். தர்ஷினி அழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டது:

"அம்மா, ஊசி வலிக்குதா? நீ ஆஸ்பத்திரில இருக்கேன்னு அத்தை நேத்தே சொன்னாங்க. நீ வரமாட்டியாம். இன்னியோட வாய்தாவே கெடையாதாம். அப்பறம் நீ எப்பிடிம்மா வருவ?"

அத்தைக்காரி பிள்ளையின் கையைச் சட்டென்று இழுத்தாள். நீதிபதி பார்த்துவிட்டார். மேத்ர் பக்கம் திரும்பினார். எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சற்று முன்புதானே சொன்னார்கள். மேத்ர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பேசி முடிக்கும்வரை பேசட்டும் என்று சொல்லிவிட்டு நீதிபதி வெளியே போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் போட்ட உத்தரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழக்கு சங்கீதாவுக்கு உடம்பு தேறும்வரை தள்ளிவைக்கப்பட்டது. அவள் வீடு திரும்பியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை முதல் மாலை வரை பிள்ளை அவளோடு அக்கா வீட்டில் இருக்கும். வாய்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதோடு மேத்ரின் உடம்பு பூரணமாகக் குணமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வழக்கில் அவர் ஒரு வாய்தாகூடக் கேட்கவில்லை. இழுத்தால் லாபமில்லை என்றானதும், மாதக்கணக்கில் நகராத வழக்கு கிடுகிடுவென்று ஓடியது. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை. நடத்த முடிகிற வழக்கைத்தான் இத்தனை நாளும் எல்லோருமாகச் சேர்ந்து நடக்காமல் வைத்திருந்தோம்.

ஸ்கூல் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. பிள்ளை அம்மாவிடம். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள். சங்கீதா வராந்தாவில் தர்ஷினியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தூக்குகிற வயதைத் தாண்டிய பிள்ளை, இருந்தும் இறக்கிவிட மனசில்லை. அந்த வழியாக அவளுடைய முதல் வக்கீல் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, நல்லா இரும்மா என்று வாழ்த்தினார். சங்கீதா கும்பிட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சார், அவங்க வாய்தா கேட்டப்பல்லாம் நீங்க சரின்னு சொன்னீங்களே. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அதெல்லாம் வக்கீலுங்களுக்குள்ள ஒரு மரியாதைம்மா என்றார்.

"கேட்டது அவங்க. கேக்கறது அவங்க வேல. எடுத்துக் குடுத்தது நீங்கதான சார். நீங்க மரியாத பண்ணிக்கறதுக்கு எம்பொண்ணுதான் கெடச்சாளா?"

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று. ஒரே சங்கம், பல வருஷப் பழக்கம். நான் அவருக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.